பெயரும் கல்லும்: பெர்லின் நினைவகமும் சயாம் இரயில்பாதைத் தமிழரும்

திருப்பெரும்பூதூரினின்று சிங்கப்பெருமாள்கோயில் நோக்கிச் செல்லும் சாலையும், வண்டலூரினின்று வாலாசாபாத்து நோக்கிச் செல்லும் சாலையும் ஒன்றையொன்று குறுக்கிடும் இடம் ஒரகடம் ஆகும். ஒரு தலைமுறைக்கு முன்னர் ஏரிநீர் கொண்டு நெல் விளைத்த இப்பரப்பு, இன்று ஊர்தித் தொழிலுக்குப் பெயர்பெற்ற நிலமாக விளங்குகின்றது. சப்பானிய நிசானும் பிரெஞ்சு ரெனோவும் கூட்டாக நிறுவிய கார்த் தொழிற்சாலை 2010-இல் இங்குத் தொடங்கப்பெற்றது. செருமானிய டெய்ம்லர் நிறுவனத்தின் லாரித் தொழிற்சாலை 2012-இல் தொடங்கப்பெற்றது. இவ்வூர்களினின்று எம் துறைக்கு வந்து பயிலும் மாணாக்கர் சிலர் உளர். தமையன் லாரி பூட்டும் வரிசையில் நிற்க, தம்பி தொல்காப்பியப் புறத்திணையியல் பயில்வதை யாம் கண்டிருக்கிறோம்.

அத்தகைய மாணாக்கர் ஒருவர், நடுகல் பற்றிய பாடம் நிகழ்ந்துகொண்டிருந்தபோது எழுப்பிய வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். தம் தமையன் பணிபுரியும் செருமானிய நிறுவனம் தன் வரலாற்றைத் தானே கூறுமிடத்து, 1944-இல் தன்னிடம் இருந்த 63,610 பணியாளருள் ஏறத்தாழப் பாதியினர் வலிந்து கொணரப்பட்ட அயல்நாட்டுத் தொழிலாளர், போர்க்கைதிகள், வதைமுகாம்வாசிகள் ஆகியோரே என்று ஒப்புக்கொள்கின்றது என அவர் எடுத்துரைத்தார். பின்னர், "சயாமில் சப்பானியர் போட்ட இரயில்பாதையில் மாண்ட நம்மவர்க்கு இதுபோலக் கணக்கு உண்டா? அவர்க்குக் கல் எடுத்தார் உளரா?" என வினவினார். அன்று யாம் சொன்ன விடை நிறைவுடையதன்று. அதன்பின் பெர்லினிலும் காஞ்சனபுரியிலும் உள்ள நினைவிடங்களைச் சென்று காணும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. அவ்விடையைத் திருத்தி எழுதும் முயற்சியாக இதனைக் கொள்க.

முதலில் ஒரு சொல்லாய்வு வேண்டப்படுகின்றது. இட்லரின் ஆட்சி 1933 முதல் 1945 வரை யூதர்பால் புரிந்த கொடுமையின் முடிவாக, ஏறத்தாழ 60 இலட்சம் பேர் கொல்லப்பட்டனர். ஆங்கில நூலோர் இதனைச் சுட்ட வழங்கும் 'ஹோலோகாஸ்ட்' என்னும் சொல் கிரேக்கத்தினின்று வந்தது. முழுதும் எரிக்கப்பெற்ற பலி என்பது அதன் பழம்பொருள். வேள்விக்குரிய சொல்லைக் கொலைக்கு ஆளுதல் தகாது எனக் கருதுவோர் 'ஷோவா' என்னும் எபிரேயச் சொல்லை வழங்குவர். அதற்குப் பேரழிவு என்பது பொருள். தமிழில் பேரழிவு என்று சொல்லின் வெள்ளத்தையும் நிலநடுக்கத்தையும் அது குறிக்கும். அழிவு தன்வினையின்பாற் பட்டது, அழிப்பு பிறவினை. செய்தாரையும் செய்யப்பட்டாரையும் உடைய வினையாதலின், 'யூதப் பேரழிப்பு' என்றே யாம் ஈண்டு வழங்குவோம். சிறு வேற்றுமையாயினும் வரலாற்றெழுத்தில் இது பெரிதும் நோக்கத்தக்கது.

பெர்லின் நகரின் நடுவே, பிராண்டன்பர்க் வாயிலுக்கு அண்மையில், கொல்லப்பட்ட ஐரோப்பிய யூதர்க்கான நினைவிடம் 2005 மே மாதத்தில் திறந்துவைக்கப்பெற்றது. கட்டடக் கலைஞர் பீட்டர் ஐசன்மன் வகுத்த அமைப்பு அது. ஏறத்தாழ 19,000 சதுர மீட்டர்ப் பரப்பில் 2,711 கற்காரைத் தூண்கள் நிரல்பட நிற்கின்றன. ஓரத்தில் நிற்பவை அமருமளவு தாழ்ந்தவை. உள்ளே செல்லச் செல்லத் தரை சரிய, தூண்கள் ஆளுயரத்துக்கு மேல் எழுகின்றன. உடன் வந்தார் சில அடி தொலைவிலேயே கண்ணுக்கு மறைந்துவிடுவர். நடுகல் ஆய்வோர்க்கு அங்கே முதற்கண் தோன்றும் வியப்பு ஒன்றுண்டு. அத்துணைக் கற்களுள் ஒன்றிலேனும் எழுத்து இல்லை. பெயர் இல்லை, நாள் இல்லை, உருவமும் இல்லை. நினைவுக்கென எடுத்த கல்லில் எழுத்தில்லாமை தமிழ்க் கண்ணுக்குக் குறையெனவே படும். எமக்கும் அங்ஙனமே பட்டது.

அக்குறை நிலத்தின்கீழ் நிறைவு செய்யப்படுகின்றது. கற்களுக்கு அடியில், படியிறங்கிச் செல்லும் அருங்காட்சியகம் ஒன்றுளது. தகவல் இடம் என்னும் எளிய பெயரே அதற்கு இட்டுள்ளனர். முதலறையில் தரைமட்டத்தில் ஒளியூட்டிய பலகைகளில் கொல்லப்பட்டோர் எழுதிய நாட்குறிப்புப் பகுதிகளும் கடிதங்களும் உள்ளன. அவற்றைப் படிக்க வருவோர் தலைகுனிந்தே நிற்றல் வேண்டும். சுவரின் மேல் வரியில் நாடுதோறும் கொல்லப்பட்டோர் தொகை எழுதப்பட்டுள்ளது. அடுத்த அறை, பதினைந்து குடும்பங்களின் வரலாற்றைப் படங்களுடன் விரிக்கின்றது. தொகையிலிருந்து குடும்பத்துக்கும், குடும்பத்திலிருந்து தனி மனிதர்க்குமாகக் காண்போரை நடத்திச் செல்லும் இம்முறை, கல்வி நோக்கில் நன்கு எண்ணி அமைக்கப்பட்டதாகும். பள்ளி மாணவர் குழுக்கள் வந்த வண்ணம் இருந்தன. முதலறையில் தம்முள் பேசிக்கொண்டிருந்த சிறுவர், மூன்றாம் அறைக்குள் புகுந்ததும் பேச்சடங்கியதை யாம் கண்டோம்.

அம்மூன்றாம் அறை பெயர்களின் அறை எனப்படும். இருண்ட அவ்வறையில் நான்கு சுவர்களிலும் ஒருவரின் பெயரும் பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் ஒளியெழுத்தாகத் தோன்றும். அவ்வொருவரின் வாழ்வு சில தொடர்களில் படித்துக் காட்டப்பெறும். பின்னர் அப்பெயர் மறைய, மற்றொன்று தோன்றும். கொல்லப்பட்ட அனைவர்க்கும் இவ்வாறு படிப்பதாயின் ஆறு ஆண்டு, ஏழு திங்கள், இருபத்தேழு நாள் ஆகும் என நினைவகத்தார் கணக்கிட்டுள்ளனர். அறுபது இலட்சம் என்னும் எண்ணை யாம் பல நூல்களில் படித்துக் கடந்திருக்கிறோம். அவ்வெண்ணின் அளவை எமக்கு உணர்த்தியது இக்காலக் கணக்கே.

இப்பெயர்கள் எங்ஙனம் கிடைத்தன என்பதே வரலாற்று மாணவர் கேட்க வேண்டிய வினா. கொன்றாரே எழுதிவைத்த பட்டியல்கள் ஒரு பகுதி. எந்த நாளில் எந்த ஊரிலிருந்து எவரை எந்த வண்டியில் ஏற்றினர் என்பதை அவ்வரசின் எழுத்தர் பதிந்தனர். இன்று செருமனியின் பாட் ஆரோல்சன் நகரிலுள்ள ஆவணக் காப்பகம், வதைமுகாம்கள், வலிந்த உழைப்பு ஆகியவை பற்றிய கோடிக்கணக்கான தாள்களைக் காத்து வருகின்றது. ஆயின் கிழக்கைரோப்பியச் சிற்றூர்களில் ஊர்ப்புறத்தே நிறுத்திச் சுட்டுக் கொல்லப்பட்டோர்க்கு அத்தகைய பட்டியல் பெரும்பாலும் இல்லை. அவர்தம் பெயரை மீட்டவர் உறவினரும் அண்டை வீட்டாருமே. எருசலேமில் 1953-இல் சட்டவழி நிறுவப்பெற்ற யாத் வஷேம் என்னும் நினைவு நிறுவனம், ஒருவர்க்கு ஒரு தாள் என்னும் முறையில் சான்றுத் தாள்களைத் திரட்டத் தொடங்கியது. இறந்தவர் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த ஊர், தொழில், போர்க்காலத்தில் இருந்த இடம், இறந்த வகை, இவற்றைக் கூறுபவர் பெயர், அவர்க்கு என்ன உறவு ஆகியவை அத்தாளில் எழுதப்பெறும். பல பத்தாண்டு உழைப்பின் பயனாக 48 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பெயர் இன்று அங்குப் பதிவாகியுள்ளது. பெர்லின் அறையில் ஒலிக்கும் பெயர்கட்கும் அப்பதிவே பெருந்துணை.

யாத் வஷேம் என்னும் தொடர் ஏசாயா ஆகமத்தினின்று எடுக்கப்பட்டது. 'யாத்' என்பது கை. நினைவுக்கு நாட்டும் கல்லையும் குறிக்கும். 'ஷேம்' என்பது பெயர். கல்லும் பெயரும் என நாம் பொருள் கொள்ளலாம். வீரர்தம் பெயரும் பெருமையும் பொறித்த கற்கள் வழிதோறும் நின்றன எனக் கூறும் அகநானூற்றைப் பயின்றார்க்கு இத்தொடர் அயலாகத் தோன்றாது. இவ்வொப்புமை ஒன்றே கொண்டு எபிரேயத்துக்கும் தமிழுக்கும் உறவு கற்பிக்க எவரேனும் கிளம்புவராயின், அதற்கு யாம் பொறுப்பல்லேம். இறந்தவர்க்குக் கல் வேண்டும், கல்லுக்குப் பெயர் வேண்டும் என்னும் எண்ணம் பல மக்கட்கும் பொது என்பதே யாம் சொல்ல வந்தது.

நம் நாட்டில் அவ்வெண்ணத்தின் தொன்மை நன்கு அறியப்பட்டதே. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த நடுகற்கள் தமிழ்ப்பிராமி எழுத்துடையவை. கிறித்துவுக்கு முற்பட்டவை என அறிஞர் கருதுவர். அவற்றுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆகோளின்போது பட்ட தீயன் அந்தவன் என்பானுக்கு எடுத்தது. அவன் அரசன் அல்லன். பெரும்படைத் தலைவனாகவும் தெரியவில்லை. இரண்டாயிரம் ஆண்டு கடந்தும் அவன் பெயர் நமக்குத் தெரியும். செங்கம் பகுதியிலுள்ள எடுத்தனூர்க் கல், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. அது, தொறு மீட்கப் பட்ட வீரனோடு, கள்வரைக் கடித்துத் துணைநின்ற நாயையும் பொறித்து, கோவிவன் என்னும் அதன் பெயரையும் கூறுகின்றது. நாய்க்கும் பெயர் எழுதிய நாடு இது.

இனி, மாணாக்கர் வினாவுக்கு வருவோம்.

சயாம்-பர்மா இரயில்பாதை, சயாமின் பான்போங்கு அருகே தொடங்கிப் பர்மாவின் தன்பியூசயாட்டு வரை 415 கிலோமீட்டர் நீளமுடையது. 1942-இன் நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடிக்கப்பெற்றது. பர்மாவிலிருந்த தம் படைக்குக் கடல்வழி உணவும் கருவியும் அனுப்புதல் இடர்ப்பட்டமையின், சப்பானியப் படையினர் மலையும் காடும் வெட்டி இப்பாதையை விரைந்து போட முற்பட்டனர். பிரித்தானியர், ஆத்திரேலியர், ஒல்லாந்தர், அமெரிக்கர் எனப் போர்க்கைதிகள் 60,000-க்கு மேற்பட்டோர் இதில் உழைத்தனர்; 12,000-க்கு மேற்பட்டோர் இறந்தனர். இது உலகறிந்த செய்தி. திரைப்படமும் நாவலும் இதனைப் பரப்பின. ஆயின் ஆசியத் தொழிலாளர் தொகை இதனினும் பன்மடங்கு. பர்மியர், மலாய்க்காரர், சாவகத்தார், சீனர், தமிழர் எனச் சற்றொப்ப 2,00,000 பேர் இதில் ஈடுபடுத்தப்பட்டனர் என்பதும், அவருள் ஏறத்தாழ 90,000 பேர் மாண்டனர் என்பதும் பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. மலாயாவினின்று சென்றோர் ஏறத்தாழ 78,000 என்றும், இறந்தோர் ஏறத்தாழ 30,000 என்றும் போருக்குப் பிந்தைய பிரித்தானியக் கணக்குக் கூறும். அவருள் பெரும்பாலோர் இரப்பர்த் தோட்டத் தமிழர். மலேசியத் தமிழரிடை வழங்கும் கணக்கு இதனினும் மிகப் பெரிது. இருவேறு கணக்கும் இத்துணை விலகி நிற்றல், பெயர்ப் பட்டியல் இன்மையின் நேர் விளைவே ஆகும்.

அவர் சென்ற வகையையும் சுருங்கக் கூறுவோம். போரினால் இரப்பர் ஏற்றுமதி நின்றது; தோட்டங்களில் வேலையும் அரிசியும் இல்லாமற் போயின. மூன்று திங்கள் வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி என்னும் உறுதிமொழியை நம்பி முதலில் சிலர் சென்றனர். அவர் திரும்பாமை கண்டு பிறர் மறுத்தபோது, கங்காணியும் கிராணியும் வழியாகத் தோட்டத்துக்கு இத்தனைபேர் எனக் கேட்டுப் பெற்றனர். பின்னர் வழியிற் கண்டாரைப் பிடித்தும் ஏற்றினர். மூடிய சரக்கு வண்டிகளில் பான்போங்கு வரை பயணம். அங்கிருந்து காட்டுவழி நடை. 1943-இன் மழைக்காலத்தில் வாந்திபேதி பரவிற்று. போர்க்கைதிகட்குத் தம்முள்ளேயே மருத்துவர் இருந்தனர். ஆணை பிறப்பிக்க அதிகாரிகள் இருந்தனர். நீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும் என்னும் கட்டுப்பாடு இருந்தது. தோட்டத்திலிருந்து வந்தார்க்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. இறப்பு விழுக்காட்டின் வேற்றுமைக்கு இதுவே தலையாய காரணம் என்பர்.

ஈண்டு ஒரு வரம்பு கட்டுதல் வேண்டும். யூதப் பேரழிப்பையும் இதனையும் ஒன்றெனக் கூறுதல் வரலாறு ஆகாது. அங்கே ஓர் இனத்தை முற்றும் ஒழிப்பதே நோக்கம். குழந்தைகளையும் தேடிக் கொன்றனர். இங்கே இரயில்பாதையே நோக்கம். மாந்தர் உயிர் அதற்கு விறகாயிற்று. நோக்கமும் கருவியும் வேறு. சிலர் உணர்ச்சி மேலீட்டால் இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கின்றனர். அதனால் நம்மவர் துயர் பெருமை பெறுவதில்லை, ஐயமே பெறும். யாம் ஒப்பிடுவது கொலைகளை அன்று. கொலைக்குப் பின்னர் இருந்தவர் செய்ததையும் செய்யாது விட்டதையுமே.

காஞ்சனபுரி நகரில் இவ்வேற்றுமையை ஒரு நாள் நடையிலேயே காணலாம். நகர நடுவே போர்க் கல்லறைத் தோட்டம். ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் அங்கு அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். தாழ்ந்த பட்டயந்தோறும் பெயர், படைநிலை, இறந்த நாள், அகவை. பலவற்றில் வீட்டார் சொல்லி எழுதுவித்த ஓரிரு வரியும் உண்டு. புல் செம்மையாக வெட்டப்பட்டு, பூச்செடி நடப்பட்டுள்ளது. இவ்வொழுங்கு தானாக வந்ததன்று. முகாம்களில் இறந்தவர் பெயரையும் புதைத்த இடத்தையும் அதிகாரிகள் மறைவாக எழுதிவைத்தனர். போர் முடிந்த 1945-இலேயே ஒரு சிறு குழு பாதை நெடுகச் சென்று 10,000-க்கு மேற்பட்ட கல்லறைகளைத் தேடிக் கண்டது.

தோட்டத்தை அடுத்து 2003-இல் திறக்கப்பெற்ற தாய்லாந்து-பர்மா இரயில்பாதை மையம் உளது. நல்ல ஆய்வின்மேல் எழுந்த அருங்காட்சியகம். ஆசியத் தொழிலாளர் தொகையையும் அது மறையாது கூறுகின்றது. எனினும் பெயருடன் கூறத்தக்க பொருள் அவர்பால் இல்லாமையின், அங்கு அவர் தொகையாகவே நிற்கின்றனர். ஆற்றங்கரையில் சைசும்போன் புத்த மடத்தார் 1977-இல் மூங்கிற் குடிலாக அமைத்த போர் அருங்காட்சியகம் மற்றொன்று. 'ஜீத்' என்னும் அதன் பெயர் சப்பான், இங்கிலாந்து, அமெரிக்காவும் ஆத்திரேலியாவும், தாய்லாந்து, ஒல்லாந்து ஆகிய நாடுகளின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து இட்டது. மிகுதியாக மாண்ட பர்மியர்க்கும் மலாயாத் தமிழர்க்கும் அப்பெயரில் ஓர் எழுத்தும் இல்லை. மடத்தாரைக் குறை கூறும் கருத்து எமக்கில்லை. அன்று அவர்க்கு வந்து சேர்ந்த நினைவுகள் அத்துணையே.

பாலத்துக்கு அருகே ஒரு கல் நிற்கின்றது. இறந்தோர்க்கென 1944-இல் சப்பானியப் படையினரே எழுப்பியது. அதன் சுற்றில் பல மொழிப் பலகைகள் உள. அவற்றுள் ஒன்று தமிழ். அயலான் எழுப்பிய கல்லில் தமிழ் எழுத்தைக் கண்டபோது எம்முள் எழுந்தது மகிழ்ச்சியும் அன்று, சினமும் அன்று. சயாமில் மாண்ட தமிழர்க்குத் தமிழில் எழுதிய கல், அவரை ஏவிய படையினரால், போர் முடியும் முன்னரே நாட்டப்பட்டுள்ளது. அதில் இறந்தோர் உளர். எவர் என்பது இல்லை. நிற்க, அப்பாதையில் ஓடிய சப்பானிய நீராவி எஞ்சின் ஒன்று 1979-இல் மீட்டுக் கொண்டுசெல்லப்பட்டு, தோக்கியோவில் யாசுக்குனி ஆலயத்தைச் சார்ந்த அருங்காட்சியகத்தின் முன்கூடத்தில் வைக்கப்பட்டுள்ளது. அதன் எண் சி-5631. எஞ்சினுக்குரிய அடையாளம் பிழையின்றிக் காக்கப்பட்டது.

பெயர் இன்மை துயரம் மட்டும் அன்று; இழப்புமாகும். செருமனியில் 2000-இல் இயற்றிய சட்டத்தின்படி, அரசும் தொழில் நிறுவனங்களும் பாதிப்பாதியாக 1,000 கோடி மார்க்குப் பொருள் திரட்டின. 2007-க்குள், வலிந்து உழைப்பிக்கப்பட்ட 16 இலட்சத்துக்கு மேற்பட்டோர்க்குப் பணம் வழங்கப்பெற்றது. காலந்தாழ்ந்தது, சிறிது என்னும் குறைகள் உண்டு, உண்மையே. ஆயினும் பெயரும் முகாமும் காட்டக்கூடிய தாள் ஒன்று கையில் இருந்தோர் பெற்றனர். சப்பானோடு 1951-இல் சான்பிரான்சிசுகோவில் செய்த உடன்படிக்கை, போர்க்கைதிகளாக இருந்த படையினர்க்கு ஈடு வழங்க ஒரு விதியை வகுத்தது. தோட்டத் தொழிலாளர் படையினர் அல்லர். 1967-இல் மலேசிய அரசு பெற்ற நல்லெண்ணக் கொடை அரசுக்கே உரியதாயிற்று. தோட்டத்தில் காத்திருந்த மனைவியர் எந்த அலுவலகத்தில் எந்தத் தாளைக் காட்டுவர்?

இலக்கியம் இந்நினைவை விட்டுவிடவில்லை. மலேசியாவில் ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமி எழுதிய 'நினைவுச்சின்னம்' ஆகிய நாவல்கள் இதனைப் பொருளாகக் கொண்டவை. பின்னதன் பெயரே இல்லாத ஒன்றைச் சுட்டுவதாக யாம் கருதுகிறோம். 2023-இல் மலேசியத் தமிழர் முயற்சியால், காஞ்சனபுரியில் ஆசியத் தொழிலாளர் எலும்புகள் புதைக்கப்பெற்ற தவோன் வராராம் மடத்தில் ஒரு கல் நாட்டப்பெற்றது. அதற்கு அவர் தேர்ந்துகொண்ட பெயர் நடுகல் என்பதே.

இப்பெயர்த் தேர்வு தமிழாய்வோர் கருதத்தக்கது. நடுகல் எனின் போரிற் பட்டார்க்கு உரியது என நாம் கற்பிக்கிறோம். தொல்காப்பியம் கல்லைக் காண்டல் முதல் வாழ்த்தல் ஈறாக ஆறு நிலை வகுத்தது வெட்சித்திணையின் தொடர்ச்சியில் ஆகும். வாந்திபேதியால் கூலிக்கொட்டகையில் இறந்தானுக்கு அக்கல் பொருந்துமோ? பொருந்தும் என்பதே எம் துணிபு. சிலப்பதிகார வஞ்சிக்காண்டத்துக் காதைகள் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல் என அம்முறையையே பெயராகக் கொண்டன. ஆண்டுக் கல் எடுக்கப்பெற்றது ஆகோள் மறவனுக்கு அன்று, அரசின் தவற்றால் கணவனை இழந்த பெண்ணுக்கு. புலியொடு பொருதானும், ஊர்காத்த நாயும் பிற்காலத்துக் கல் பெற்றமையை மேலே சுட்டிய வகையால் உணரலாம். ஆகவே, படைக்கலம் ஏந்தாதார்க்கு நடுகல் எடுத்தல் மரபின் விரிவே அன்றி மரபின் முறிவு அன்று. முறிவு வேறோரிடத்து உளது. பெயர் அறியாத பல்லாயிரவர்க்குப் பொதுவாய் ஒரு கல் என்பது பழமரபில் இல்லை. எழுத்துடை நடுகல்லின் உயிர்நிலை பெயரே அன்றோ? காஞ்சனபுரிக் கல்லை எடுத்தாரைப் போற்றுகிறோம்; அக்கல்லின் எழுதாப் பகுதி ஆய்வாளர் கடனாக நிற்கின்றது.

அக்கடனைத் தீர்க்கச் சான்று உண்டா? உண்டு என்றே தோன்றுகின்றது. தோட்டங்களில் நாள்தோறும் விடியலில் பெரட்டு எடுத்துச் செக்ரோலில் பெயர் பதிந்தனர்; அவ்வேடுகளுள் எஞ்சியவை எவை எனத் தேடவேண்டும். தமிழகத்தினின்று மலாயா செல்வோர் ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கவைக்கப்பெற்றுப் பின்னரே கப்பலேறினர். ஆவடி திருப்பெரும்பூதூருக்கு அண்மையது. பழைய செங்கற்பட்டு, வடஆர்க்காடு, சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டங்களின் சிற்றூர்களே அவர் பிறந்த இடங்கள். 1938-இல் இந்திய அரசு இக்குடியேற்றத்தைத் தடைசெய்யும் வரை இது நிகழ்ந்தது. எனவே சயாமில் மாண்டவருள் பலர் பிறப்பால் நம் மாவட்டத்தவர். அவர்தம் பங்காளிகளின் பேரர் இன்றும் ஈண்டு உளர். மலாயா இந்தியர் தொகை 1931-ஐ நோக்க 1947-இல் குறைந்திருத்தலைச் சிலர் சயாம் இறப்புக்குச் சான்றாகக் காட்டுவர். 1930-களின் மந்தத்தில் தாயகம் திரும்பினாரும் அக்குறைவில் அடங்குவர் ஆதலின் அதனை அப்படியே கொள்ளலாகாது. தொகையைக் கொண்டு பெயருக்குச் செல்ல இயலாது; பெயரைக் கொண்டே தொகைக்கு வரல் வேண்டும்.

இக்கருத்தால் யாத் வஷேம் தாளைப் பின்பற்றி, ஒருவர்க்கு ஒரு தாளாக, எம் மாணாக்கர் ஒரு படிவம் ஆக்கினர். ஊர், தெரு, குலதெய்வம், மலாயாவுக்குச் சென்ற ஆண்டு, தோட்டத்தின் பெயர் ஆகியவற்றைக் கூடுதலாகச் சேர்த்தனர். வினா எழுப்பிய மாணாக்கரே ஒரகடத்தை அடுத்த தம் ஊரில் அதனை முதலில் எடுத்துச் சென்றார். பெரும்பாலான வீடுகளில் மலாயா என்னும் சொல்லும் அறியப்படவில்லை. நிலம் விற்றுக் குடிபெயர்ந்தோர் பலர். புதிதாய்க் குடியேறியோர் அதனினும் பலர். ஒரு வீட்டில் மட்டும், எண்பது கடந்த மூதாட்டியார் ஒருவர், தம் மாமனாரின் தம்பி தோட்டத்தினின்று சயாமுக்குப் போய்த் திரும்பவில்லை எனக் கூறினார். இறந்த நாள் அறியாமையால் அவர்க்குத் திதி இல்லை. மாளய அமாவாசையில் பொதுவாக நீர் விடுவதே அவ்வீட்டு வழக்கமாம்.

படிவத்தில் இறந்த இடம் என்னுமிடத்தில் 'சயாம்' என்று எழுதப்பெற்றது. நாள் என்னுமிடம் வெற்றிடமாக விடப்பெற்றது. பெயர் என்னுமிடத்தில் சிறிது தயக்கம் நேர்ந்தது. வீட்டில் வழங்கிய பெயரே மூதாட்டியார்க்குத் தெரியும். தோட்டத்துச் செக்ரோலில் என்ன பெயர் கொடுத்திருப்பார் என்பது தெரியாது. கலந்து பேசி வீட்டுப் பெயரையே எழுதினர். தாளில் எழுதிக்கொள்ளலாம், அச்சில் வேண்டா என அவ்வீட்டார் கூறினமையின் அப்பெயரை ஈண்டுத் தரவில்லை. தாள் துறையில் உளது; அதற்கு எண் ஒன்று இடப்பட்டுள்ளது.